முதலடியை யார் எடுப்பது

திரை நீலமாகவே நிற்கிறது. எழுத்தில்லை, படமில்லை, நஞ்சை வாங்கி நடுவழியில் நிறுத்திக்கொண்ட கண்டத்தின் நீலம். எங்கே நிறுத்தினாலும் என் மனம் அங்கேதான் ஓடுகிறது, ஓடட்டும், அறுபத்தேழு வயதில் அதற்கு வேறு வழி காட்ட எனக்கு விருப்பமும் இல்லை. துறை உதவியாளர் பால்துரை மேசைமேல் ஏறி நின்று புரொஜெக்டரின் பின்பக்கத்தில் கைவிட்டுத் துழாவுகிறார். "ஒரு நிமிசம்மா, வயர்தான் லூசு, இப்ப வந்துரும்" என்றார். அந்த ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை. ஒலிவாங்கியின் முன்னே நான் நிற்கிறேன். சமூகவியலில் முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள், அதைப் படித்துவிட்டு எங்கள் கோயிலில் பதிகம் ஓதும் வெள்ளிக்கிழமைக் கூட்டமே வேன் பிடித்து வந்து இறங்கிவிட்டது, ஏதோ மலைக்கோயிலுக்கு வருவது போலப் பட்டும் திருநீறும் புளியோதரைத் தூக்குமாக. முன்வரிசை முழுக்க அவர்கள்தான். பிரமநாயகி கையை வாயருகே குவித்துக்கொண்டு, "ஏ ஆவுடை, மைக்கைப் பக்கத்துல வச்சுக்கிடு, நீ பேசுதது உனக்கே கேக்காது" என்கிறாள். பக்கத்தில் இருப்பவளிடம், "ஆயுசு பூரா டெலிபோன் ஆபீஸ்ல ஊருக்கெல்லாம் லைன் குடுத்தா, இன்னைக்கு நமக்குக் குடுக்க மாட்டேங்கா பாரு" என்கிறாள். ஒரு வரிசையே குலுங்குகிறது. நடுவில் உட்கார்ந்திருக்கும் உலகம்மை மதினி மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கைப்பையை நேராக வைத்துக்கொண்டு, "சும்மா இருங்கட்டீ, இது பரீட்ச" என்கிறார், உடனே அடங்குகிறது, எப்போதும்போல் உடனே. அந்த உடனே என்ற ஒன்றைத்தான் நான் ஐந்து ஆண்டுகளாக ஆராய்ந்து ஒரு நூலளவுக்கு எழுதியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. இன்னும் சற்று நேரத்தில் தெரியும். அல்லது தெரியாமலே போகும். அது என் நாவில் இருக்கிறது. என் நெறியாளர் பேராசிரியர் ஜெபராஜ், என் மகன் வயதுக்காரர், அருகில் வந்து குரலைத் தாழ்த்தி, "அம்மா, நாலாம் அத்தியாயத்து ஸ்லைடை மட்டும் வேகமாத் தள்ளிருங்க, அவங்களே முன்னால உக்காந்திருக்காங்க, கேட்டா மட்டும் சொல்லிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். சேர்ந்த அன்று என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பக்தியோட சமூகவியல் படிக்க முடியுமாம்மா?" என்று கேட்டவர், அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பார்த்து, "உங்களால முடிஞ்சிருக்கே சார்" என்றேன், வெடித்துச் சிரித்தார், அன்றைக்கே என்னை ஏற்றுக்கொண்டார். அவர் தள்ளச் சொல்கிறார். தள்ளிவிடலாம். ஒரு விசையை அழுத்தினால் போதும், ஒரு கேள்வி திரையில் வந்தது தெரியாமல் போய்விடும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவளும் வந்திருக்கிறாளே. கூடத்தின் கடைசியில், கதவை ஒட்டிய தூணருகே, வேனில் வராமல் டவுன் பஸ்ஸில் தனியே வந்து, செண்பகவடிவு உட்கார்ந்திருக்கிறாள். இங்கேயும் தூணருகேதான். யாரும் அவளை அங்கே உட்காரச் சொல்லவில்லை.

யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. இந்தச் சொல்லில்தான் என் எண்ணம் எப்போதும் வந்து மாட்டிக்கொள்கிறது, முள்ளில் சேலை மாட்டுவது போல. எங்கள் தெருக்கோயிலில் அம்மன் சந்நிதிக்கு முன்னுள்ள மண்டபத்தில் வெள்ளிதோறும் பதிகம் ஓதுகிறோம். உலகம்மை மதினி தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமல் கேட்டதும் நாங்கள் முதுகை நிமிர்த்துவோம். அவர் முதலடி எடுப்பார், இரண்டாம் அடியிலிருந்து நாங்கள் சேர்ந்துகொள்வோம். இதை யாரும் விதியாக வைக்கவில்லை. கோயில் பூசைச் செலவை ஏற்கிற கட்டளைக்காரர் வீட்டு மருமகளாக அவர் வந்த நாளிலிருந்து நடக்கிறது, மழை பெய்வது போல நடக்கிறது. பிறகு அந்த வெள்ளி வந்தது. மதினிக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள், வரவில்லை. விளக்கேற்றினோம், உட்கார்ந்தோம், காத்திருந்தோம். எதற்கென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள், அவள் விளக்கைப் பார்த்தாள், விளக்கு எங்களைப் பார்த்தது. ஒவ்வொருத்திக்கும் அத்தனை பதிகமும் மனப்பாடம், உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. தீபாராதனை மணி அடித்தது. எழுந்து கும்பிட்டோம், சுண்டலை வாங்கிக்கொண்டோம், செருப்பை மாட்டினோம். தெருமுனையில் பிரமநாயகி சொன்னாள், "இன்னைக்குப் பதிகம் நல்லா அமைஞ்சுது, என்ன?" நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். ஆட்டினோம்! ஒரு சொல்கூடப் பாடாத வாய்களோடு, பாடி நிறைந்த முகங்களோடு நடந்தோம். வீட்டுக்கு வந்து பால் காய்ச்சும்போதுதான் எனக்கு உறைத்தது, அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது ஏன் என்ற கேள்வி தரையில் என் எதிரே உட்கார்ந்திருந்தது. கணவர் போய், பிள்ளை வெளிநாடு போய், ஓய்வூதியமும் ஓதலுமாக இருந்தவளைத் தொலைநிலைக் கல்வியில் முதுகலைக்கும் அங்கிருந்து இந்தக் கூடத்துக்கும் இழுத்து வந்தது அந்த வெள்ளிக்கிழமை மௌனம்தான். முதலாண்டுப் பாடத்தில் செயல்பாட்டுக் கோட்பாட்டைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது: சமூகம் ஓர் உடல், ஒவ்வோர் உறுப்பும் தன் வேலையைச் செய்கிறது, சடங்குகள் அந்த உறுப்புகளைக் கட்டிவைக்கும் நரம்பு, கூடித் தொழுகிறவர்கள் தொழுகையினாலேயே ஒன்றாகிறார்கள். அடடா, இதைத்தானே அடியார் கூட்டத்தின் பெருமையாக இத்தனை காலமும் ஓதினோம் என்று தோன்றியது. மதினி எங்கள் உடலின் தொண்டை. தொண்டை கட்டிக்கொண்டது, உடல் ஊமையாயிற்று, அவ்வளவுதான். அந்த மௌனம்கூட நாங்கள் எவ்வளவு இறுகக் கட்டுண்டிருக்கிறோம் என்பதற்குச் சான்று. அது பொய்யும் இல்லையே. என் கணவர் போன பிறகு நிலைப்படியைத் தாண்டாமல் கிடந்த என்னைக் கைப்பிடித்துத் தூக்கி, "ஏட்டி, இருட்டுக்குள்ள உக்காந்து யாருக்குக் கணக்கு ஒப்பிக்கப் போற, கிளம்பு" என்று மண்டபத்துக்கு அழைத்துவந்தது அந்தத் தொண்டைதான். அன்று அவர் முதலடி எடுத்தார், என் வாய் தானாக இரண்டாம் அடியில் திறந்தது. துயரத்துக்குப் பிறகு என் குரலை நான் முதலில் கேட்டது அவருடைய குரலுக்குப் பின்னால்தான். அந்த உடலுக்குள் எனக்கு உயிர் வந்தது. அந்த உடலை இன்று நான் மேடையில் கிடத்தி அறுக்கப்போகிறேனா? பால்துரை வேறொரு வயரைச் செருகுகிறார். நீலம் ஒருமுறை சிமிட்டிவிட்டு நீலமாகவே நிற்கிறது. முழங்கால் வலிக்கிறது. பின்னால் அடுக்கியிருக்கும் கேசரிப் பொட்டலங்களின் நெய்மணம் மேடை வரை வருகிறது, ஆறிப்போகும், தேர்வாளர்களுக்கு ஆறிய கேசரியா, இந்த நேரத்தில் இதுவா கவலை, ஆனால் இதுதான் கவலை.

உடல் என்றால் எது தலை, எது கால் என்று யார் வகுத்தது? இந்த இரண்டாம் கேள்வியை முரண்பாட்டுக் கோட்பாடு என் காதில் போட்டபோது எனக்கு அதன்மேல் கோபம் வந்தது. ஒவ்வோர் ஒழுங்கின் அடியிலும் யாரோ ஒருவருக்கு ஆதாயமும் யாரோ ஒருவருக்கு இழப்பும் இருக்கிறது, அமைதி என்று நீ அழைப்பது வென்றவர்களின் அமைதியா என்று பார் என்றது அது. சந்நிதியில் நின்று பேசுகிற பேச்சா இது என்று புத்தகத்தை மூடிவைத்தேன். மூடிய புத்தகம் உறங்கவிடவில்லை. அடுத்த வெள்ளி மண்டபத்துக்குள் நுழைந்தபோது, பல்லாண்டாக உட்கார்ந்து எழுந்த அதே கல்தளத்தில் கோடுகளைக் கண்டேன், யாரும் வரையாத கோடுகள். முன்னால் கட்டளைக்காரர் வீடும் அவர்களோடு உறவு சொல்கிற வீடுகளும். நடுவில் நாங்கள், உத்தியோகம் பார்த்தவர்கள். தூணருகே, பிரகார வாசலை ஒட்டி, மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவர்கள். அங்கே செண்பகவடிவு. அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள், ஒரு வார்டையே ஒரு பார்வையில் நடத்தியவள். அவள் குரலைப் பற்றி நான் என்ன எழுதினாலும் போதவில்லை. ஆய்வேட்டில் 'சிறந்த குரல்வளம் உடைய தகவலாளி' என்று எழுதிவிட்டு வெட்கப்பட்டேன். எல்லோரும் சேர்ந்து பாடும்போது அடியிலே ஒரு நீரோட்டம் போல அது வரும், எங்கள் பிசிறுகளையெல்லாம் அது சுமந்துகொண்டு போகும், எங்கள் கூட்டம் நன்றாகப் பாடுகிறது என்று ஊரில் சொன்னால் அது அவளைத்தான் சொல்வது. நேர்காணலுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுக்குக்காப்பி கொடுத்தாள். அந்த மௌன வெள்ளியன்று நீயாவது எடுத்திருக்கலாமே செண்பகம் என்று கேட்டேன், பெரிய பெருந்தன்மையோடு கேட்டதாக நினைப்பு. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கோபம் இல்லை, சிரிப்புக்கூட இருந்தது. "நான் எடுத்தா நீங்க பின்னால பாடுவீகளாக்கா?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்ற சொல் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பொய்யாக அதைச் சொல்லவும் வரவில்லை. காப்பி ஆறியது. அவள் பேச்சை மாற்றி என் முழங்காலுக்கு ஒரு தைலத்தின் பெயர் சொன்னாள். அந்த ஒரு கேள்விதான் நாலாம் அத்தியாயம். மற்றதெல்லாம் அட்டவணையும் அடிக்குறிப்பும். அதைத் தள்ளிவிட்டால் ஆய்வேடு நன்றாகத்தான் நிற்கும், பட்டமும் வரும், மதினி முதல் ஆளாக எழுந்து சால்வை போடுவார், வெள்ளிக்கிழமை என் இடத்தில் நான் உட்காரலாம். தள்ளாவிட்டால்? மதினி எழுந்து போய்விட்டால்? அவர் எழுந்தால் வரிசையே எழும், உடனே எழும். வேன் கிளம்பிவிடும். அதன்பின் எந்த மண்டபத்தில் போய் என் வாய் திறக்கும்? என் பிழைப்பே பிறர் குரலைப் பிறரிடம் சேர்ப்பது. தொலைபேசி இணைப்பகத்தில் தலைக்கருவியை மாட்டிக்கொண்டு எத்தனை சாவுச் செய்தி, எத்தனை பிறப்புச் செய்தி என் காதைத் தாண்டிப் போயின, நான் ஒரு சொல் சேர்த்ததில்லை, சேர்க்கக் கூடாது, அது பணிவிதி. என் வாழ்நாளில் எந்தப் பாட்டுக்கும் முதலடி எடுத்தவள் இல்லை நான். இங்கே வந்து நிற்கிறேன், முதல் சொல் என்னுடையதாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வயர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பால்துரை, மெதுவாகவே செய்யுங்கள். இல்லை, சீக்கிரம். இல்லை.

ஆனால் மூன்றாவது ஒன்று உண்டே, அதை நினைத்தால் அச்சத்துக்கு நடுவிலும் எனக்குள் ஒரு மணி அடிக்கிறது. குறியீட்டு ஊடாட்டக் கோட்பாடு. பெயர்தான் வாயில் நுழையாது, பொருள் நெஞ்சில் நேரே இறங்கும். சமூகம் என்பது மலை போல எங்கோ நிற்கிற பொருள் இல்லை. ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு, ஒரு செருமல், அதற்கு நிமிர்கிற முதுகு, இவற்றால் ஒவ்வொரு கணமும் நாமே அதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்கிறது அது. இதைப் படித்த விடியலில் நான் சந்நிதிக்கு ஓடினேன். பள்ளியெழுச்சி நடந்துகொண்டிருந்தது. உறங்காதவளை எழுப்பினார்கள், அழுக்கு அறியாதவளை நீராட்டினார்கள், எல்லாம் உடுத்தியவளுக்கு உடுத்தினார்கள். அவள் என்றும் இருக்கிறாள்; அவளிடம் நாம் போகிற வழியைத்தான் நாள்தோறும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. நாம் போட்ட வழி என்றால் நாமே திருப்பிப் போடலாமே! மதினியின் செருமலில் வலிமை இல்லை, நிமிர்கிற எங்கள் முதுகில் இருக்கிறது. அந்தக் கோடுகளைக் கல்லில் யாரும் செதுக்கவில்லை, வெள்ளிதோறும் நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வரைகிறோம். உடல் என்றவர்களும் பொய் சொல்லவில்லை, போர் என்றவர்களும் பொய் சொல்லவில்லை, ஆனால் இது என் கையில் திறவுகோலைக் கொடுத்தது, அன்று பிரகாரத்தில் கைகளைத் தட்டிக்கொண்டு நடந்தேன், குருக்கள் கூட, "என்ன ஆச்சி, லாட்டரி விழுந்துட்டா?" என்று கேட்டார். விழுந்துவிட்டது என்றேன். அந்தத் திறவுகோலை ஐந்தாம் அத்தியாயமாக எழுதி, கோத்து, நான்கு பிரதி பைண்டு செய்து கொடுத்துவிட்டேன். பூட்டில் மட்டும் இதுவரை போட்டுப் பார்க்கவில்லை. "மேடம், திரை எனக்கு வேண்டாம்" என்று ஒரு குரல். திருச்சியிலிருந்து வந்திருக்கும் புறத்தேர்வாளர், பேராசிரியை ஹமீதா, என் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார். "முழுசாப் படிச்சுட்டேன். ரெண்டு தடவை. நீங்க எழுதின கூட்டமே நேர்ல வந்திருக்கும்போது படம் எதுக்கு? அது சரியாகிற வரைக்கும் ஒரு பதிகம் பாடச் சொல்லுங்களேன், கேட்போம்." அவர் கண்ணில் ஒரு சிரிப்பு, நாலாம் அத்தியாயத்தைப் படித்தவரின் சிரிப்பு. ஜெபராஜ் நெற்றியைத் தடவுகிறார். முன்வரிசை மகிழ்ச்சியில் சலசலக்கிறது, பிரமநாயகி முந்தானையைச் செருகிக்கொள்கிறாள். உலகம்மை மதினி கைப்பையைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றுகிறார். தொண்டையைச் செருமுகிறார். வரிசை முழுதும் முதுகுகள் நிமிர்கின்றன. இதோ, ஐயா தேர்வாளர்களே, இதோ, என் தரவு முழுவதும், ஒரு நொடியில், உங்கள் கண்முன்னே. ஒலிவாங்கிக்குப் பின்னால் என் முதுகும் நிமிர்ந்துவிட்டது, பாருங்கள், எழுதியவளின் முதுகும். அவர் மூச்சை இழுக்கிறார். என் நா அசைகிறது. "மதினி, ஒரு நிமிசம்" என்கிறது. யார் சொன்னது? ஒலிபெருக்கி அதைக் கூடம் முழுக்கச் சொல்லிவிட்டது. எல்லா முகமும் என்மேல். மதினியின் இழுத்த மூச்சு அப்படியே நிற்கிறது. தள்ளுவதற்கு விசை இல்லை, ஒளிவதற்குத் திரை இல்லை. "என்னோட ஆய்வு ஒரே ஒரு கேள்வி" என்கிறேன். "நம்ம கூட்டத்துல ஒருத்தி கேட்டது. நான் எடுத்தா நீங்க பின்னால பாடுவீகளான்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. அதுக்குத்தான் இவ்வளவு படிச்சேன்." தூணருகே ஒரு தலை நிமிர்கிறது. மதினி மூச்சை விடுகிறார். "இதத்தான் எழுதிருக்கியா, ஆவுடை?" "ஆமா மதினி." "என்னப் பத்தியா?" "நம்மளப் பத்தி. நானும் அதுக்குள்ள இருக்கேன்." அவர் கை பக்கத்து இருக்கையில் இருக்கும் பையை நோக்கிப் போகிறது. போகட்டும். இது என்ன விந்தை, நெஞ்சு தேர்வடம் தொட்டதுபோல் துள்ளுகிறது. அதே மௌனம், அந்த வெள்ளிக்கிழமையின் மௌனமே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அன்றைக்கு அதற்குள் ஒன்றும் இல்லை, இன்றைக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அப்போது கூடத்தின் கடைசியிலிருந்து அது எழுகிறது. செருமல் இல்லை, முன்னறிவிப்பு இல்லை. செண்பகவடிவு முதலடியை எடுத்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, கண்ணை மூடி. அடியிலே ஓடிய நீர் கரைமேல் வந்து வெயிலில் நிற்கிறது. அது அடியின் இறுதிக்கு வந்து, வளைந்து, நிற்கிறது; இரண்டாம் அடிக்கு இடம் விட்டு நிற்கிறது. அந்த இடம் எவ்வளவு அகலம்! யார்? நான். பல்கலைக்கழகத்தின் ஒலிவாங்கியில், தேர்வாளர்கள் முன்னிலையில், கரகரத்த ஒற்றைக் குரலாய், சுருதிக்குக் கீழே, ஆமாம் செண்பகம், ஆமாம், ஆறிப்போன காப்பிக்கு இதோ என் பதில், இரண்டாம் அடியைப் பாடுகிறேன். தனியாக. ஓர் அடி முழுவதும் தனியாக. மூன்றாம் அடியை அவள் எடுக்கிறாள். நான்காம் அடியில் எனக்குப் பக்கத்தில் ஒரு குரல் வந்து ஒட்டிக்கொள்கிறது, பிரமநாயகி, "சரி வா" என்பது போல் தோளைக் குலுக்கிக்கொண்டே பாடுகிறாள். பிறகு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு வரிசையே. மதினி? பையை எடுத்தாரா? பையின்மேல் கை இருக்கிறது. அந்தக் கை எழுகிறது, பையை விட்டு எழுகிறது, தொடைமேல் இறங்குகிறது, தட்டு, விரல், விரல், தாளம். உலகம்மை மதினி உதட்டை இறுக மூடிக்கொண்டு தாளம் போடுகிறார், தலையைத் திருப்பிக் கடைசித் தூணைப் பார்க்கிறார், ஒரு முழுப் பாட்டுக்கும் பார்க்கிறார். அடுத்த பாட்டின் முதலடியைச் செண்பகம் எடுக்கும்போது அந்த உதடுகள் திறந்தே இருக்கின்றன, காத்திருக்கின்றன, அவள் முடித்ததும், நாங்கள் சேர்ந்ததும், அந்தப் பழைய பெருங்குரல், எங்களையெல்லாம் இருட்டிலிருந்து கைப்பிடித்து இழுத்துவந்த குரல், நான் இதுவரை கேட்டிராத இடத்திலிருந்து, எங்களோடு, இரண்டாம் அடியிலிருந்து வருகிறது. கூடம் அதிர்கிறது. ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். ஹமீதா அம்மையார் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். "அம்மா, வந்துட்டு!" என்று பால்துரை மேசைமேலிருந்து கூவுகிறார், என் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் மாறுவது தெரிகிறது, என் தலைப்பும் என் பெயரும் அங்கே விரிந்திருக்கும். அணைத்துவிடுங்கள் என்று கையை அசைக்கிறேன். திரும்பிப் பார்க்க நேரமில்லை. செண்பகம் அடியை முடிக்கப்போகிறாள், எனக்கு மூச்சு வேண்டும்.